உள்ளபடி இருப்பதும் உத்தியோகம் பார்ப்பதும்: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை மாவட்டத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வயதும் தொழிலும் வேறுவேறு. ஆனாலும் வேலை செய்யும் இடத்தில் தாம் தாமாகவே இருக்க முடியுமா, அப்படி இருந்தால் எதை இழக்க நேரும், இல்லாவிட்டால் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதைத்தான் அவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: நான் வெருகல் பக்கத்தைச் சேர்ந்தவன். பட்டப்படிப்பை முடித்து, அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்று, ஊரிலிருந்து தொலைவிலுள்ள ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பம் இலங்கையின் பழங்குடிகளான வேடர் வழி வந்தது. வீட்டில் அதை யாரும் மறைத்ததில்லை. அம்மப்பா தேன் எடுக்கக் காட்டுக்குப் போனவர். மாமாமார் இன்றும் மீன்பிடித் தொழில் செய்கிறார்கள். காரியாலயத்தில் மட்டும் நான் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஒருநாள் தேநீர் வேளையில், தலை வாராமல் வந்த ஒருவரைப் பார்த்து "வேடன் மாதிரி வந்து நிற்கிறான்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சென்ற மாதம் வைத்தியசாலைக்குக் கிளினிக் வந்த என் அம்மம்மா, திரும்பும் வழியில் எனக்கென்று ஒரு போத்தல் தேனைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு காரியாலயத்துக்கு வந்துவிட்டார். "யார் இந்த ஆச்சி?" என்று பக்கத்து மேசையில் இருப்பவர் கேட்டபோது, "ஊர்ப்பக்கம் தெரிந்தவர்" என்று சொல்லிவிட்டேன். தேன் போத்தல் இன்னும் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போகவும் மனம் வரவில்லை. நான் யார் என்பதை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு காரியங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வேடர் வழி வந்தவன் என்பதைக் காரியாலயத்தில் சொல்லாமல் இருந்தது ஒன்று. அம்மம்மாவை "ஊர்ப்பக்கம் தெரிந்தவர்" என்று சொன்னது மற்றொன்று. முதலாவதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒருவர் தம் குடும்ப வரலாற்றைக் காரியாலயத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். உங்களோடு வேலை செய்கிறவர்களும் தங்கள் வீட்டுக் கதை முழுவதையும் உங்களிடம் சொன்னதில்லை. அதற்காக அவர்கள் பொய்யாக வாழ்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பதும் இல்லை.

"உண்மையான சுயம்", "போலியான சுயம்" என்ற பிரிவை உளப்பகுப்பாய்வில் பரவலாக்கிய இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகொட், 1960 இல் எழுதிய கட்டுரையில், வெளியே காட்டும் அந்த முகத்தை முழுக்கக் கெட்டதாகச் சித்திரிக்கவில்லை. நலமாக வாழும் மனிதரிடமும் அது மரியாதையாகவும் அடக்கமாகவும் இருக்கிறது என்றும், உள்ளே இருப்பதைக் காப்பதுதான் அதன் வேலை என்றும் அவர் கண்டார். காக்க வந்தது உள்ளிருப்பதன் இடத்தையே பிடித்துக்கொண்டு, அந்த மனிதருக்கே தம் வாழ்க்கை வெறுமையாகத் தோன்றத் தொடங்கும்போதுதான் அதை நோயின் பக்கம் வைத்துப் பேசினார். இந்த வேறுபாடு உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். உங்கள் மௌனம் இவ்வளவு காலமும் உங்களைக் காத்தது. அம்மம்மா வாசலில் வந்து நின்ற அன்று, அதே மௌனம் உங்களைக் கொண்டு ஒரு பொய்யைச் சொல்லவைத்துவிட்டது. உங்களை உறுத்துவது வேடர் என்ற பெயரை வெளியே சொல்லாதது அல்ல, அந்தப் பொய்தான் என்பதற்கு, அந்தப் போத்தலை எடுத்துப் போகவும் முடியாமல் விட்டுவிடவும் முடியாமல் நீங்கள் இருப்பதே சாட்சி.

ஆகவே ஒரு கூட்டத்தைக் கூட்டி "நான் இன்னார்" என்று அறிவிக்கும்படி நான் சொல்லமாட்டேன். அம்மம்மாவிலிருந்து தொடங்குங்கள். அடுத்த கிளினிக் திகதியைக் கேட்டு வைத்து, அன்று அரைநாள் விடுப்பெடுத்து நீங்களே அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காரியாலயத்துக்குள் அழைத்துவந்து உங்கள் கதிரையில் இருத்தி, அன்று கேள்வி கேட்ட அதே நண்பரிடம், "இவர் என் அம்மம்மா, என்னை வளர்த்தவர், அன்று நான் சரியாகச் சொல்லவில்லை" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அன்று நீங்கள் சொன்னது அம்மம்மாவின் காதில் விழுந்ததா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. காது கேட்கும் முதியவர் ஒருவர் கேளாதவர் போல் எழுந்து போயிருக்கவும் கூடும். விழுந்திருந்தால் இந்த ஒரு செயல் அவருக்குப் போதுமானதாக இருக்கும். விழாதிருந்தால் உங்களுக்குப் போதுமானதாக இருக்கும்.

அடுத்தது அந்தச் சிரிப்பு. கிழக்கின் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூரின் தென்பகுதி, மாவட்ட எல்லையைக் கடந்தால் வாகரை என்று அவர்கள் வாழும் ஊர்கள் நமக்கு அந்நியமான ஊர்கள் அல்ல. இலங்கை வேடர்களைப் பற்றி 1911 இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் கரையோர வேடரைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வேடர் என்றதும் நம்மவர்க்கு மகியங்கனைப் பக்கத்துத் தம்பானைதான் நினைவுக்கு வருகிறதே தவிர, தங்களோடு ஒரே மொழி பேசி, ஒரே கோயில் திருவிழாவுக்கு வந்து, 2004 இல் ஒரே கடலால் அடிக்கப்பட்டு, 2006 இல் ஒரே போரால் துரத்தப்பட்ட மக்கள் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பகடியைச் சொன்னவருக்கு, வேடர் யாரும் அந்த அறையில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே வந்திருக்காது. அவரைப் பலர் முன்னிலையில் திருத்தப் போனால் அவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். தனியே கூப்பிட்டு, "நீங்கள் அன்று சொன்னது என் அம்மப்பாவைப் பற்றி" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இப்படிப்பட்ட ஒரு வாக்கியத்துக்குப் பின்னர் அந்தப் பகடியைத் திரும்பச் சொல்லமாட்டார்கள். திரும்பவும் சொல்கிறவர் தம்மை யார் என்று காட்டிவிடுவார். அவரோடு எவ்வளவு தூரம் நிற்பது என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நமது அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் ஆகியவற்றின் காரணமாக எந்தப் பிரசைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 14(1)(ஊ) என்ற பிரிவு, ஒருவர் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ தம் பண்பாட்டை அனுபவிக்கவும் வளர்க்கவும் தம் மொழியைப் பயன்படுத்தவும் உள்ள சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2007 இல் பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியபோது, இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நீங்கள் வேலை செய்வது அரச காரியாலயம் என்பதால், பகடி என்ற அளவைத் தாண்டி இடமாற்றத்திலோ பதவி உயர்விலோ கை வைக்கப்பட்டால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்தியக் காரியாலயத்துக்குப் போகலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய உள்ள காலம் ஒரு மாதம்தான்; ஆகவே பிறகு பார்ப்போம் என்று நாளைக் கடத்திவிடக்கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் உறவினருக்குள்ளேயே "வேடர்" என்ற பெயரை விரும்பாமல், தமிழர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கக்கூடும். பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானமோ, சம்பந்தம் பேச வந்த இடத்தில் கேட்ட சொல்லோ அதற்குக் காரணமாக இருக்கலாம். நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லலாம், அவர்களுக்காகச் சொல்ல வேண்டாம். உங்களைப் பற்றித் தெரிந்த பிறகு, வேடர் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும் அதிகாரியாகக் காரியாலயம் உங்களை ஆக்கிவிடப் பார்க்கும். அதற்கும் உடன்பட வேண்டாம். உங்களுக்கு நியமனம் தரப்பட்டது அந்த வேலைக்கு அல்ல.

கேள்வி: எங்கள் பாடசாலையில் பொறுப்பான பதவியில் இருக்கும் ஒருவர், இளம் ஆசிரியைகளை மாணவர் முன்னிலையிலேயே கடிந்துகொள்கிறார். கேட்டால், "நான் உள்ளதை உள்ளபடி பேசுகிறவன், எனக்கு நடிக்கத் தெரியாது" என்கிறார். நேர்மையான மனிதர் என்றும் பெயர் எடுத்திருக்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது? — ஓர் ஆசிரியை, தம்பலகாமம்

பதில்: அவர் அதே சொற்களை அதே குரலில் வலயக் கல்விப் பணிப்பாளரிடம் பேசுகிறாரா என்று கவனியுங்கள். பேசுகிறார் என்றால் அவர் எல்லோரிடமும் கடுமையானவர், அது குணக்குறை. பணிப்பாளரிடம் பணிவாகவும் உங்களிடம் மட்டும் "உள்ளபடி"யும் பேசுகிறார் என்றால், அவருக்கு நன்றாகவே நடிக்கத் தெரிகிறது; யாரிடம் நடிக்க வேண்டும், யாரிடம் வேண்டியதில்லை என்று கணக்குப் போடவும் தெரிகிறது. உள்ளபடி இருத்தல் என்பது தன்னைப் பற்றிய உண்மையை மறைக்காதிருத்தல். அடுத்தவரைப் பற்றித் தன் மனதில் பட்டதையெல்லாம் அவர் முகத்தில் எறிவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. மாணவர் முன்னிலையில் திருத்தப்படுவதை ஏற்கமாட்டோம், அறையில் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று நீங்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, எழுத்தில், அதிபரிடம் கொடுங்கள்.

கேள்வி: நான் நிலாவெளிப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். என் பெயர் நீளமானது, தூய தமிழ்ப் பெயர், அப்பப்பா வைத்தது. வெளிநாட்டவருக்கு வாயில் நுழையாது என்று முகாமையாளர் "ரோஸ்" என்று பெயர் பொறித்த பட்டியைத் தந்திருக்கிறார். காலை முதல் மாலை வரை ரோஸாகச் சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு பேசவும் வாய் வருவதில்லை. இன்னொரு பக்கம், ஹோட்டலில் வேலை செய்யும் பெண் என்றால் ஊரில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள் என்பதால், கல்யாண வீடுகளில் "ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்" என்று சொல்லிவைத்திருக்கிறோம். வேலையிலும் வேறொருத்தி, ஊரிலும் வேறொருத்தி. நான் எங்கேதான் நானாக இருப்பது?

பதில்: தங்கைக்கு, முதலில் உங்கள் களைப்பைப் பற்றிப் பேசுவோம், ஏனெனில் அதை நீங்கள் உங்கள் பலவீனம் என்று எண்ணுகிறீர்கள் போலத் தெரிகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து, 1983 இல் அதற்கு "உணர்ச்சி உழைப்பு" என்று பெயர் கொடுத்தார். சம்பளத்துக்காக உணர்ச்சியை வரவழைப்பதும் அடக்குவதும் மூட்டை சுமப்பது போலவே உழைப்பு என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த உழைப்பில் இரண்டு விதங்களையும் அவர் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லாமல் முகத்தை மட்டும் சிரிக்கவைப்பது ஒரு விதம். வந்திருப்பவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று தன்னையே நம்பவைத்து, அந்த உணர்வை உள்ளேயே உண்டாக்கிக்கொள்வது மற்றொரு விதம். முதலாவது உள்ளுக்கும் வெளிக்கும் இடையே விரிசலை உண்டாக்கிக் களைப்பைத் தருகிறது. இரண்டாவதை நாள் முழுவதும் செய்கிறவருக்கோ, தன் சிரிப்பில் எது தன்னுடையது என்றே தெரியாமல் போகும் ஆபத்து இருக்கிறது. மாலையில் அம்மாவோடு பேச வாய் வராதது நீங்கள் மாறிப்போனதால் அல்ல. நாள் முழுவதும் உழைத்ததால். கிழக்குக் கரையில் ஏப்ரல், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சுற்றுலாக் காலம் என்பதால், அந்த மாதங்களில் இது கூடுதலாகவே இருக்கும். வேலை முடிந்ததும் அரை மணிநேரமாவது யாருக்கும் முகம் காட்டாமல், கேள்வி இல்லாமல் இருக்க விடும்படி அம்மாவிடம் கேளுங்கள். தாய்க்கு இதைச் சொன்னால் விளங்கும்.

சிரிப்பு வேலையின் ஒரு பகுதி. அதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள். பெயர் அப்படியல்ல. உங்கள் பெயரை மாற்றிவைக்க முகாமையாளருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. ஆனாலும் இதைச் சண்டையாக்காமலே தீர்க்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் முழுப் பெயரிலிருந்து இரண்டு அல்லது மூன்று எழுத்தில் ஒரு சுருக்கத்தை நீங்களே தேர்ந்தெடுத்து, அதை ஆங்கில எழுத்தில் தெளிவாக எழுதிக் கொண்டுபோய், "இதைப் பட்டியில் போட்டுத் தாருங்கள், இது விருந்தினருக்கு எளிது, எனக்கும் என் பெயர்" என்று கேளுங்கள். காரணத்தையும் வியாபாரத்தின் மொழியிலேயே சொல்லலாம். புறாத்தீவையும் கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் பார்க்க இவ்வளவு தூரம் வருகிற ஒருவர், வரவேற்பு மேசையில் தமது ஊர்ப் பெயர் ஒன்றைக் கேட்பதற்காக வருவதில்லை. அவர் உங்கள் பெயரைக் கேட்டு, சொல்லிப் பார்த்து, தப்பாகச் சொல்லி, மறுபடி கேட்பதே பலருக்கு உரையாடலின் தொடக்கமாக அமைகிறது.

ஊரில் சொல்லிவைத்திருக்கும் பொய்தான் எனக்குக் கூடுதல் கவலையைத் தருகிறது. அதை நீங்கள் உங்களுக்காகச் சொல்லவில்லை, நேர்மையான ஒரு தொழிலை இழிவாகப் பார்க்கும் கண்களுக்காகச் சொல்கிறீர்கள். உப்புவெளி முதல் குச்சவெளி வரை எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இந்த ஹோட்டல்களால் எரிகிறது. அதே குடும்பத்து ஆண் பிள்ளை சமையலறையில் வேலை செய்தால் "செஃப்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், பெண் பிள்ளை மேசையில் இருந்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள். இது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. "ஊரோடு ஒத்து வாழ்" என்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் ஊர் தவறாக நினைக்கும் ஒன்றுக்கு நாமும் உடன்பட்டு வாழ்ந்தால், அடுத்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அதே பொய்யைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிறோம். எல்லோரிடமும் ஒரே நாளில் திருத்திச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குச் சம்பந்தம் பேசப்படும் இடத்தில் மட்டும் முதல் சந்திப்பிலேயே உண்மை சொல்லப்பட வேண்டும் என்று பெற்றோரிடம் உறுதியாகக் கேளுங்கள். அந்த உண்மையைக் கேட்டுப் பின்வாங்குகிற குடும்பம், கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்தால் உங்களை எப்படி நடத்தியிருக்கும் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கே பதில் தெரியும்.

கேள்வி: சீனக்குடாப் பக்கத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை. என் பிரிவில் நான் ஒருவன்தான் தமிழன். மனைவி தொலைபேசியில் அழைத்தால் வெளியே போய், குரலைத் தாழ்த்தித்தான் தமிழில் பேசுகிறேன். யாரும் பேசாதே என்று சொன்னதில்லை. ஆனாலும் முடியவில்லை. என்னிடம் என்ன பிழை?

பதில்: உங்களிடம் பிழை இல்லை. சோதனைச் சாவடிகளில் வாயைத் திறக்கும் முன் யோசித்துப் பழகிய தலைமுறை நாம். அந்தப் பழக்கம் ஒரு காலத்தில் உயிரைக் காத்தது. போர் முடிந்ததும் அது தானாகக் கழன்றுவிடாது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழியும் ஆகும். ஆனால் ஒருவர் தம் மனைவியோடு தமிழில் பேச இந்தச் சட்டம் எதுவும் தேவையே இல்லை. சிறிதாகத் தொடங்குங்கள். அடுத்த அழைப்பு வரும்போது எழுந்து போகாமல், இருந்த இடத்திலிருந்தே "சாப்பிட்டாச்சா, பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்தாச்சா" என்ற அளவுக்குப் பேசிவிட்டு வையுங்கள். உங்களோடு வேலை செய்கிறவர்கள் அமைதியானால், அது வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை. விளங்காத மொழி கேட்கும்போது யாரும் சற்று நிறுத்துவதுண்டு. அவர்களுள் நெருக்கமான ஒருவரிடம் இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது என்று சிங்களத்திலேயே சொல்லிப் பாருங்கள். பலருக்கு இதை யாரும் சொன்னதே இல்லை.

கேள்வி: நான் ஒரு திருநங்கை. நகரத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். கடைக்காரம்மா நல்லவர், எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயரால்தான் கூப்பிடுகிறார். ஆனால் என் அடையாள அட்டையில் ஆண் பெயரும் பழைய படமும் இருக்கின்றன. பெரிய இடமொன்றில் இப்போது கிடைப்பதைவிடக் கூடிய சம்பளத்தில் வேலை இருப்பதாகச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தோடு அட்டையின் பிரதியும் கேட்கிறார்கள். ஆணாக உடுத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போய், வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணா சொல்கிறார். எனக்கு அது முடியுமென்று தோன்றவில்லை.

பதில்: தங்கைக்கு, முடியுமென்று தோன்றவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் அண்ணா உங்கள் மேல் உள்ள அக்கறையால்தான் சொல்கிறார். ஆனால் ஆணாகச் சேர்ந்த இடத்தில் பிறகு பெண்ணாகப் போய் நிற்பது இலகுவாக இருக்காது. ஏமாற்றிச் சேர்ந்தவர் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிடும். முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலில், சொல்லாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு என்றேன். உங்கள் விடயத்தில் சொல்லாமல் இருக்கும் வழியையே அந்த அடையாள அட்டை அடைத்துவிடுகிறது. ஆகவே உங்களுக்கு முதலில் தேவைப்படுவது துணிச்சலைவிடப் பத்திரங்கள்.

அதற்கு நாட்டில் ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாததால் எழுதுகிறேன். சுகாதார அமைச்சு 2016 இல் வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி, உளமருத்துவ நிபுணர் ஒருவரின் கவனிப்பின் கீழ் இருப்பவருக்குப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதைக் கொண்டு பதிவாளர் நாயகத் திணைக்களத்தின் ஊடாகப் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்திக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழ் திருந்திய பிறகுதான் ஆட்பதிவுத் திணைக்களத்தில் அடையாள அட்டைக்குப் போக வேண்டும். வரிசையை மாற்றினால் அலைச்சல்தான் மிஞ்சும். மாவட்ட பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் முதலில் பதிவு செய்யுங்கள். அங்கே போவது உங்களுக்கு நோய் இருப்பதாக ஒப்புக்கொள்வது ஆகாது; சான்றிதழுக்கான கதவு அந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதை வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் நீங்கள் இன்றைக்கு இருக்கும் கதவைப் பயன்படுத்துங்கள். ஏதாவது ஓரிடத்தில் அவமதிக்கப்பட்டால் திகதியையும் பேசியவரின் பதவியையும் எழுதிவைத்துக்கொண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மனம் மிகவும் சோர்ந்துபோகும் இரவுகளில் பேசுவதற்குத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் பெரிய இடத்து வேலையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடைக்காரம்மா நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் உங்கள் வேலையைப் பற்றி, நீங்கள் வைத்திருக்கும் பெயரிலேயே, ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பிறகு விண்ணப்பிக்கும் முன்பே அந்த இடத்தின் ஆளணிப் பிரிவுக்குப் போய், உங்கள் உடையிலேயே போய், பத்திரத்தில் உள்ள பெயர் வேறு, திருத்தப் பணி நடக்கிறது, தையல் மாதிரிகளைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். மறுத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். உங்களுக்கு இப்போதுள்ள வேலையும் கையில் இருக்கும். தனியார் நிறுவனங்கள் விடயத்தில் அரசியலமைப்பின் பாதுகாப்பு அரச காரியாலயங்களுக்கு உள்ள அளவுக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை என்பதையும் அறிந்துகொண்டு போங்கள். அங்கே கண்ணியக் குறைவாக நடத்தப்பட்டால், என்ன செய்யலாம் என்று சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேட்கலாம்.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரியம். பிறப்புச் சான்றிதழ் திருத்தப்படும் முன், பழையதன் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகள் சிலவற்றை எடுத்து, பாடசாலைச் சான்றிதழ்களோடும் வங்கிப் புத்தகத்தோடும் ஒரே கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயரில் உள்ள பரீட்சைப் பெறுபேறும் சேமிப்பும் ஊழியர் சேமலாப நிதியும் உங்களுடையவைதான் என்று பின்னர் காட்ட வேண்டி வரும்போது, இரண்டு பெயர்களையும் இணைக்கும் பத்திரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.